20 அங்குலச் சில்லு மடிப்புச் சைக்கிளில் நீண்ட பயணம்: எதை மாற்றலாம், எதை விடலாம்?

எழுவான்கரை

எல்லோருக்கும் வணக்கம். நடுவில் மடிகிற 20 அங்குலச் சில்லுச் சைக்கிள் ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. அலுமினியச் சட்டம், வி பிறேக். முன்னால் 52 பல்லில் ஒரே பற்சில்லு, பின்னால் 11 முதல் 28 பல் வரை 8 கியர். சட்டம் நன்றாக இருக்கிறது. ரயரும் செயினும் கிழடு.

வீடு கல்லடி. பாலத்தைத் தாண்டி ரவுணுக்குப் போய்வர இப்படியே போதும். ஆனால் இரண்டு பயணம் போக ஆசை. ஒன்று கடற்கரைப் பக்கம்: கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை, அப்படியே உகந்தை முருகன் கோயில் வரை. மற்றது செங்கலடிச் சந்தியில் திரும்பி ஏ5 வீதியில் மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. உடுப்பு, சின்னக் கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து 12 கிலோ அளவில் சுமை வரும்.

கனடாவிலிருந்து மச்சான் ஒருவர் லீவுக்கு வருகிறார். பெட்டியில் கொஞ்சம் இடம் தருவாராம். எதைக் கேட்கலாம்? எதை இங்கேயே வாங்கலாம்?

கல்முனைக் காக்கா

தம்பி, கியரைப் பிறகு பார்ப்போம். முதலில் ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கம் 406 என்றால் தப்பினீர்கள். 451 என்றால் சைக்கிளை இப்போதே வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவது நல்லது, பகிடி இல்லை. இரண்டையும் கடையில் 20 அங்குலம் என்றுதான் சொல்வார்கள். ஒன்றுக்கு வாங்கிய ரயர் மற்றதில் ஏறவே ஏறாது. ரிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் 45 மி.மீ. வித்தியாசம்.

406 என்பது பிள்ளைகளின் பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்கு வருகிற அளவு. பேரனுக்கு வாங்கும் அதே ரயர். அது மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்தச் சைக்கிள் கடைக் கூரையிலும் தொங்கும். 20 × 1.75, 20 × 1.95, 20 × 2.125 என்று தசமத்தில் எழுதியிருப்பவை 406. 20 × 1 1/8 மாதிரிப் பின்னத்தில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். வாயால் சொல்லி வாங்க வேண்டாம், எண்ணைக் காட்டி வாங்குங்கள்.

மச்சானிடம் கேட்பதென்றால் முதல் சாமான் ரயர்தான். ஸ்வால்பே மரதன் 47-406 (47 மி.மீ. அகலம்) இரண்டு. முள்ளுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் தாக்குப்பிடிக்கும். அது வழியில் கிழிந்தாலும் 500 மீற்றரில் ஒரு கடையில் பி.எம்.எக்ஸ். ரயரைப் போட்டுக்கொண்டு போகலாம். அதுதான் விசயம். நல்லதைப் போடுங்கள், ஆனால் அது உடைந்தால் திருக்கோவிலில் மாற்றுச் சாமான் கிடைக்கிற மாதிரிப் போடுங்கள்.

ரியூப் வாங்கும்போது கார் வால்வு உள்ளதாக வாங்குங்கள். பெற்றோல் செட்டிலும் ஓட்டோவுக்குக் காற்றடிக்கும் கடையிலும் அடிக்கலாம். மெல்லிய வெளிநாட்டு வால்வுக்கு அடப்டர் தேடி அலைய வேண்டாம்.

சில்லுக்கணக்கு

காக்கா சொன்னது சரி. நான் கியர்க் கணக்கைச் சொல்கிறேன்.

47-406 ரயர் போட்டால் சில்லின் விட்டம் 500 மி.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு 1.57 மீற்றர். இப்போது உங்களிடம் இருக்கும் மிக இலகுவான கியர் 52/28. பெடல் ஒரு முறை சுற்றினால் 2.92 மீற்றர் முன்னே போகும். கடற்கரை வீதிக்கு அது தாராளம், அங்கே கச்சான் காற்று ஒன்றைத் தவிர ஏற்றமே இல்லை. பிபிலையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் 12 கிலோவோடு ஏறும்போது அதே கியரில் முழங்கால் போய்விடும்.

முன் பற்சில்லை 44 ஆக்குங்கள். பின்னால் 11-34 கசெட் (பின் பற்சில்லுத் தொகுதி) போடுங்கள். இலகு கியர் 2.03 மீற்றராக இறங்கும். கிட்டத்தட்ட 30 வீதம் குறைவு. வேகம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். 44/11 இல் ஒரு சுற்றுக்கு 6.28 மீற்றர், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கி.மீ. சுமையோடு அதற்கு மேல் யார் ஓடப்போகிறார்கள்? 52 பல் கடைக்காரனுக்கு அழகு, உங்களுக்கு இல்லை.

மூன்று விடயம் கவனியுங்கள். முதலாவது, பின் ஹப்பில் (சில்லின் நடுப்பகுதியில்) இருப்பது கசெட்டா பிறீவீலா என்று பாருங்கள். மரை போட்டுத் திருகும் பிறீவீல் என்றால் வேறு சாமான், 7 கியரில் 14-34 கிடைக்கும். இரண்டாவது, பின்னால் செயினைப் பல் மாற்றிப் போடுகிற கியர் மாற்றி 34 பல்லைத் தாங்குமா என்று பாருங்கள். 28 க்கு என்று வந்தவை பல 32 இலேயே முட்டும். மூன்றாவது, நீளக் கை உள்ள கியர் மாற்றி வாங்க வேண்டாம். சின்னச் சில்லில் அது நிலத்தோடு உரசுகிற மாதிரித் தொங்கும். முன்னால் ஒரே பற்சில்லு என்பதால் நடுத்தரக் கை போதும்.

9, 10, 11 கியருக்கு ஏறவே வேண்டாம். 8 இலேயே நில்லுங்கள். 6, 7, 8 கியருக்கு ஒரே அகலச் செயின்தான், அதனால் இங்கேயும் கிடைக்கும்.

படுவான்கரை

கனடாவிலிருந்து எழுதுகிறேன், ஊர் கொக்கட்டிச்சோலை. எல்லோரும் கசெட் கசெட் என்கிறீர்கள். சின்னச் சில்லுக்கும் கடல் மண்ணுக்கும் ஏற்றது உள்-கியர் ஹப். ஷிமானோ நெக்ஸஸ் 8 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின் பல் ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லு இலகு கியரில் 0.527 சுற்று, பார கியரில் 1.615 சுற்று. மேலே தம்பி சொன்ன 11-34 எவ்வளவு விரிகிறதோ கிட்டத்தட்ட அதே விரிவு இதிலும் உண்டு. முன்னால் 45, பின்னால் 18 பல் போட்டால் 2.07 மீற்றரில் தொடங்கி 6.34 வரை வரும். கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் பாணமைக்கு அப்பால் செம்மண் கிறவல் வீதியில் தொங்குகிற கியர் மாற்றி என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். கல் தெறிக்கும், பற்றை சிக்கும், மண் ஏறும். ஹப் கியரில் எல்லாம் உள்ளே பூட்டிக்கிடக்கும். செயின் நேராக ஓடும், வேண்டுமானால் முழு மூடி போடலாம். நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம்.

கல்முனைக் காக்கா

படுவான்கரைத் தம்பி, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. நல்ல சாமான்தான். நான் கேட்பது ஒன்று. இருட்டுப்படுகிற நேரம், கோமாரிப் பக்கம், பின் சில்லு பஞ்சர். கசெட் சில்லு என்றால் குவிக் ரிலீஸை (கையால் திறக்கிற கொக்கியை) திறந்து கழற்றி ரியூப் மாற்றிப் பூட்டலாம். உங்கள் ஹப்பில் முதலில் கேபிளைக் கழற்ற வேண்டும், பிறகு 15 மி.மீ. ஸ்பானரால் இரண்டு நட், சுழலாமல் பிடிக்கிற வாசர் இரண்டு, எது எந்தப் பக்கம் என்று நினைவு வேண்டும். பூட்டும்போது செயின் இழுவை பார்க்க வேண்டும், கேபிள் குறி சரிபார்க்க வேண்டும். அதையும் பழகலாம், சரி. உள்ளே ஒரு பல் போனால்? கொழும்புக்குப் பார்சல் போடுவதா?

கசெட் ஹப் என்றால் எங்கள் பக்கத்துக் கிழவன்மாரும் திறப்பார்கள். கூம்பு நட்டும் குண்டும்தானே. பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 குண்டு, கால் அங்குலம். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். எந்தக் கடையிலும் டப்பாவில் இருக்கும்.

படுவான்கரை

பஞ்சர் விசயத்தில் ஒத்துக்கொள்கிறேன் காக்கா. மற்றதில் இல்லை. ஒழுங்காக எண்ணெய் பார்த்தால் உள் கியர் பல் போவது அரிது. கசெட்காரர் செயினையும் கசெட்டையும் எத்தனை தடவை மாற்றுவார் என்றும் கணக்குப் பாருங்கள். உப்புக் காற்றில் கிடக்கும் 8 பற்சில்லுக்கும் துருவேறும். எனக்கு என் ஹப்தான்.

நாவற்குடா நடராசன்

எனக்கு ஒன்று விளங்கவில்லை. 28 அங்குலச் சில்லில் லுமாலா ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? எங்கள் அப்பா அதில் நெல் மூட்டை கட்டி வவுணதீவிலிருந்து வந்தவர். சின்னச் சில்லு பள்ளத்தில் விழும், மண்ணில் புதையும். மடிப்புச் சைக்கிள் விளையாட்டுச் சாமான்.

சில்லுக்கணக்கு

நடராசன் அண்ணே, பள்ளத்தில் விழும் என்பது உண்மை. அதற்குத்தான் 47 அல்லது 50 மி.மீ. அகல ரயரும் குறைந்த காற்றும். கிறவலில் நான் 40 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிடுவேன், தார் வீதிக்கு வந்தால் ஏற்றுவேன்.

விளையாட்டுச் சாமான் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்சன் செய்த இங்கிலாந்துப் பொறியியலாளர் அலெக்ஸ் மோல்ற்றன் 1962 இலேயே சின்னச் சில்லுச் சைக்கிளைச் சந்தைக்கு விட்டார். சின்னச் சில்லில் இறுக்கமாகக் காற்றடித்த ரயர், அதன் குலுக்கலை வாங்க ரப்பர். அது கடைக்குப் போகிற சைக்கிளாக மட்டும் இருக்கவில்லை, அதில் வேகச் சாதனைகளும் செய்தார்கள். கம்பி குட்டையாக இருப்பதால் சில்லும் பலம். 12 கிலோவுக்கு 20 அங்குலச் சில்லு நெளியாது.

பதுளையில் களைத்துப்போனால் மடித்து பஸ்ஸின் பின் சீற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஊர் வரலாம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் மீனகயா ரெயினிலும் ஏற்றலாம். அப்பாவின் லுமாலாவை எங்கே ஏற்றுவது?

நாவற்குடா நடராசன்

பஸ்ஸுக்கு மேலே ஏற்றுவோம். அந்தக் காலத்தில் ஏற்றினோமே.

சரி சரி, தொடருங்கள். வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைமணல்

நான் ஆரையம்பதியிலிருந்து தினமும் மடிப்புச் சைக்கிளில்தான் வேலைக்கு. சைக்கிள் மடிகிற இடத்துப் பிணைச்சலைப் பற்றி யாரும் பேசவில்லையே. கியர் வேலை செய்யாவிட்டால் உருட்டிக்கொண்டு வரலாம். பிணைச்சல் விட்டால் பல்லு மிஞ்சாது.

கைமாறி வந்த சைக்கிள் என்றால் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். சட்டத்துப் பிணைச்சலைத் திறந்து, இரண்டு முகத்தையும் பழந்துணியால் துடையுங்கள். மணல் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. பஸ் ரிக்கெற் ஒன்றை இரண்டு முகத்துக்கும் நடுவே வைத்து மூடிப் பூட்டுங்கள். ரிக்கெற்றை இழுத்தால் கிழிய வேண்டும், உருவி வரக் கூடாது. மேலே, கீழே, இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். கொக்கியை மூடும்போது கடைசி அரைவாசியில் உள்ளங்கை நோகிற அளவுக்கு இறுக்கம் வேண்டும். ஒரு விரலால் மூடினால் கொக்கிக்குப் பக்கத்திலுள்ள சின்ன நட்டைச் சிறிது சிறிதாகத் திருகி இறுக்குங்கள். ஹாண்டில் தண்டின் அடியிலுள்ள பிணைச்சலுக்கும் இதே வேலை.

பிறகு போன் லைற்றைச் சரித்துப் பிடித்து, பிணைச்சலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டு வைத்த இடத்தைப் பாருங்கள். பெயின்ரில் தலைமயிர் மாதிரிக் கறுப்புக் கோடு தெரிந்து, துடைத்தும் போகவில்லை என்றால் அந்தச் சட்டத்தில் ஏற வேண்டாம். வெல்டிங் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். அலுமினியத்தைச் சூடாக்கி ஒட்டினால் சுற்றியுள்ள இடம் பலம் இழந்துவிடும்.

சீற் தண்டு இன்னொன்று. இந்த மாதிரிச் சைக்கிள்களில் அது நீளம், பெரும்பாலும் 33.9 மி.மீ. தடிப்பு. சாதாரணச் சைக்கிள் தண்டு பொருந்தாது. அதில் கிறீஸ் பூச வேண்டாம், ஓட ஓடக் கீழே இறங்கும். வாரம் ஒருமுறை முழுவதும் வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் தண்டையும் குழாயின் உட்பக்கத்தையும் துடைத்தால் போதும். கடலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் எடுக்காமல் விட்டால் தண்டும் சட்டமும் ஒட்டிக்கொள்ளும், பிறகு வாள்தான்.

சுமை: பெரிய பின் பை வாங்க வேண்டாம். சின்னச் சில்லில் கரியர் தாழ்வு, பை நிலத்தைத் தொடப் பார்க்கும், குதிக்காலும் இடிக்கும். பெரிய சைக்கிளுக்கு முன்னால் போடுகிற சின்னப் பைகளை வாங்கிப் பின்னால் போடுங்கள். ஹாண்டிலுக்குக் கீழே சட்டத்தின் தலைக்குழாயில் நாலு ஓட்டை இருந்தால் அதில் ஒரு பைத் தாங்கி பூட்டலாம். ஹாண்டில் திரும்பினாலும் பை திரும்பாது, பாரம் கைக்கு வராது.

எழுவான்கரை

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். ரயர் 40-406. பின்னால் கசெட்தான், குவிக் ரிலீஸ் இருக்கிறது. ரிக்கெற் சோதனையில் சட்டத்துப் பிணைச்சல் கீழ்ப்பக்கம் உருவியது, நட்டைத் திருகியதும் நான்கு பக்கமும் பிடித்தது. கறுப்புக் கோடு எதுவும் இல்லை.

செயினை அடிக்கோலால் அளந்தேன். ஓர் ஆணியிலிருந்து 24 ஆவது ஆணி வரை 308 மி.மீ. புதிதில் 304.8 இருக்க வேண்டுமாம். இதை மாற்றினால் கசெட்டையும் மாற்றத்தானே வேண்டும்?

இன்னொன்று. முன் ஹப் சாதாரணத்தை விட ஒடுக்கமாக இருக்கிறது. கவட்டையின் இடைவெளி 74 மி.மீ.

சில்லுக்கணக்கு

ஒரு வீதத்துக்கு மேல் நீண்டுவிட்டது. பழைய கசெட்டில் புதுச் செயின் போட்டால் சின்னப் பல்லில் துள்ளும். எப்படியும் 11-34 போடப்போகிறீர்கள் என்பதால் செயினையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். முன் பற்சில்லும் புதிது, ஆக மூன்றும் ஒன்றாகத் தொடங்கும். செயின் நீளத்துக்குச் சுலப வழி: கியர் மாற்றியைச் சுற்றாமல், முன் பற்சில்லிலும் பின்னால் 34 பல்லிலும் செயினைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள்.

அடுத்த செயினை அளந்துகொண்டே ஓடுங்கள். 307 வந்ததும் மாற்றினால் கசெட் தப்பும். சின்னச் சில்லில் மற்றச் சாமானும் சீக்கிரம் தேயும். 1 கி.மீ. ஓட பெரிய சைக்கிள் சில்லு 470 தடவை சுற்றினால் உங்களுடையது 637 தடவை சுற்றும். பொத்துவிலுக்குப் போய்ச் சேரும்போது 64,000 சுற்றுக்கு மேல். ரயரும், ஹப் குண்டும், பிறேக் பிடிக்கிற ரிம்மும் அவ்வளவு சீக்கிரம் தேயும்.

74 மி.மீ. பற்றிக் கவலைப்பட வேண்டாம், மடிப்புச் சைக்கிளுக்கு அது வழமை. ஆனால் சாதாரண முன் ஹப் 100 மி.மீ., அது உங்கள் கவட்டையில் ஏறாது. எனவே மச்சானின் பெட்டியில் 74 மி.மீ. ஹப்புக்குரிய அச்சும் கூம்பும் ஒரு சோடி வரட்டும். சின்னச் சாமான்தான். டைனமோ ஹப் வாங்குகிற ஆசை இருந்தால் இந்த அளவுக்கு என்று தனியாகக் கேளுங்கள்.

நாவற்குடா நடராசன்

செயினுக்கு என்ன எண்ணெய்? நான் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன்.

கல்முனைக் காக்கா

அதைத் தலைக்கு வையுங்கள் நடராசன். நாலு நாளில் பசை மாதிரிப் பிடித்து மண்ணையெல்லாம் சேர்க்கும். கடைகளில் விடுகிற கழிவு என்ஜின் ஒயிலும் வேண்டாம், அதில் என்ஜின் தேய்ந்த இரும்புத் தூள் இருக்கும். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் செயினைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிடம் விட்டு வெளியே தெரிகிற எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுங்கள். வெளியே எண்ணெய் மினுங்கினால் மண் ஒட்டும். உங்கள் சின்னச் சில்லில் செயின் நிலத்துக்குக் கிட்ட ஓடுகிறது, பெரிய சைக்கிளை விட இரண்டு மடங்கு துடைக்க வேண்டும். மச்சான் மெழுகு எண்ணெய் கொண்டுவந்தால் நம்முடைய வெயில் காலத்துக்கு அதைவிட நல்லது இல்லை. மாரிக்கு அது நிற்காது, கழுவிப்போகும்.

மார்கழி வெள்ளத்தில் ஹப் முங்க ஓடினால், வீட்டுக்கு வந்து அந்தக் கிழமையே ஹப்பைத் திறந்து கிறீஸ் மாற்றுங்கள். தண்ணீர் உள்ளே போனது வெளியே தெரியாது. ஒரு மாதம் கழித்துக் குண்டு கரகரக்கும்போதுதான் தெரியும்.

வெள்ளைமணல்

பசறையிலிருந்து பதுளைப் பக்கம் இறக்கம் இருக்கிறதே, பிறேக்கைப் பற்றியும் சொல்லுங்கள். சின்ன ரிம் சீக்கிரம் சுடும், சூடு பரவ அதில் இரும்போ அலுமினியமோ அவ்வளவு இல்லை. தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இறுக்கிப் பிடித்து விட வேண்டும். இடையில் நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாவிட்டால் தேத்தண்ணி குடிக்கிற நேரம். பிறேக் கட்டையில் மணல் பதிந்திருக்கும், புறப்படும் முன் ஊசியால் கிண்டி எடுங்கள். ரிம்மின் பக்கத்தில் தேய்மானக் கோடு இருந்தால் அது மறைந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

எழுவான்கரை

மச்சானுக்கு அனுப்பிய பட்டியல்: மரதன் 47-406 இரண்டு, 8 கியர் 11-34 கசெட், 34 பல் தாங்குகிற நடுத்தரக் கை கியர் மாற்றி, 44 பல் பற்சில்லு, செயின் இரண்டு, 74 மி.மீ. அச்சும் கூம்பும், மெழுகு எண்ணெய். ரியூப், பிறேக் கட்டை, கேபிள் இங்கேயே. ஹப் கியர் மனதுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கம்பி, ரிம் எல்லாம் சேர்த்துப் புதிதாகச் சில்லுக் கட்ட வேண்டும் என்பதால் இந்தமுறை வேண்டாம் என்று விட்டேன். படுவான்கரை அண்ணன் கோபிக்கக் கூடாது.

கசெட் கழற்றுகிற சாவியும், அப்போது கசெட் சுழலாமல் பிடிக்கிற செயின் சாட்டையும் என்னிடம் இல்லை. ரவுணில் கேட்ட கடையில் உளியும் சுத்தியலும் போதும் என்கிறார்கள்.

கல்முனைக் காக்கா

உளியோடு வருகிற ஆளிடம் சைக்கிளைக் கொடுக்க வேண்டாம். இரண்டும் என்னிடம் இருக்கிறது. சாமான் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், அசருக்குப் பிறகு நான் சும்மாதான். புதுக் கசெட்டின் பூட்டு நட்டை நீங்களே இறுக்கிப் பழக வேண்டும், வழியில் தளர்ந்தால் நான் வரமாட்டேன்.

படுவான்கரை

கோபம் இல்லை தம்பி. உகந்தை போய் வந்ததும் அந்தக் கியர் மாற்றி எத்தனை இடத்தில் நெளிந்தது என்று படம் போடுங்கள்.

நாவற்குடா நடராசன்

காக்கா, ஞாயிறு நானும் வரலாமா? லுமாலாவின் பின் ஹப் கரகரக்கிறது.